காயம்பட்டவரோடு போன வென்டிலேட்டர் எப்போது திரும்பி வரும்?

ஒரு மருத்துவமனையின் ஸ்டோர்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: போர்முனையில் காயம்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவரும் ராணுவப் பிரிவுகளுக்கு மருந்து, கருவி, ஆக்சிஜன் எல்லாம் எப்படிக் கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள்? சாதாரண ஸ்டோர்ஸ் நடத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் ராணுவத்தில் இருந்ததில்லை. மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவன். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையிலிருந்து தலையில் அடிபட்ட நோயாளி ஒருவரை ஆம்புலன்ஸில் வேறு ஊருக்கு அனுப்பினோம். கூடவே ஒரு வென்டிலேட்டர், மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப் இரண்டு. நோயாளி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார். வென்டிலேட்டர் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. வந்தபோது சார்ஜர் இல்லை. பம்புகளில் ஒன்று வரவே இல்லை. அந்த ஒன்றரை மாதத்தில் எங்கள் அவசரப் பிரிவில் ஒரு வென்டிலேட்டர் குறைவாக இருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு பதறும். ஓர் ஆம்புலன்ஸுக்கே இப்படி என்றால், தினமும் விமானம் விமானமாகக் காயம்பட்டவர்களை அனுப்புகிற இடத்தில் என்ன செய்வார்கள் என்று யோசித்ததுதான் தொடக்கம்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில் அதில்தான் இருக்கிறது. வார்டுக்குப் போகும் சரக்கு பெரும்பாலும் அங்கேயே செலவாகித் தீர்ந்துவிடும். தீர்ந்ததை வாங்கி நிரப்புவது ஸ்டோர்ஸின் வேலை. விமானத்தில் போகும் சரக்கில் விலை உயர்ந்தவை எதுவும் தீர்வதில்லை. நோயாளியோடு சேர்ந்து ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் பாதி. என் கணக்கில் பாதிக்கும் மேலே.

நன்றாகப் பதிவாகியிருக்கும் ஓர் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது அமெரிக்க விமானப்படை காயம்பட்டவர்களை பலாத், பக்ராம் போன்ற தளங்களிலிருந்து ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்துக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் லாண்ட்ஸ்டுல் ராணுவ மருத்துவமனை. சிகிச்சை கொடுத்துத் தேற்றி, அடுத்த விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்கு. விமானத்தில் இருக்கும் அடிப்படைக் குழுவில் 2 நர்ஸ்கள், 3 டெக்னீஷியன்கள். மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு டாக்டர், ஒரு ஐசியூ நர்ஸ், ஒரு சுவாச சிகிச்சையாளர் என 3 பேர் கொண்ட தனிக் குழு கூடவே ஏறும். வென்டிலேட்டரில் இருப்பவர்கள் என்றால் 3 பேரை, அவ்வளவு மோசமில்லை என்றால் 6 பேர் வரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1990களில் உருவான ஏற்பாடு இது.

விமானம் கிளம்பும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பின்கதவு திறந்திருக்கிறது, எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஸ்ட்ரெச்சரில் ஒருவர். கால்மாட்டில், ஸ்ட்ரெச்சரின் மேலேயே குறுக்காக மாட்டிய உலோகத் தட்டில் வென்டிலேட்டர், மானிட்டர், மூன்று மருந்தை ஒரே நேரத்தில் ஏற்றும் பம்ப், சளி உறிஞ்சும் கருவி. இவ்வளவும் அனுப்புகிற மருத்துவமனையுடையவை. இதைக் கழற்றி வைத்துவிட்டு விமானத்தின் கருவியை மாட்டினால் என்ன என்று தோன்றும். ஆனால் அடிபட்ட நுரையீரலை அழுத்தம் கொடுத்து விரித்து வைத்திருப்பது அந்த வென்டிலேட்டர்தான். குழாயைக் கழற்றும் சில வினாடியில் அது சுருங்கிவிடலாம். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து பம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அரை நிமிடம் நின்றாலும் ஆபத்து. அதனால் நோயாளி எந்தக் கருவியோடு வருகிறாரோ, அதோடுதான் பறப்பார்.

அப்படியானால் அனுப்பிய மருத்துவமனை ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வென்டிலேட்டரை இழக்கும். பத்து நாளில் காலி. இதற்கு அவர்கள் கண்ட வழி நம் வீட்டு கேஸ் சிலிண்டர் போடுவதைப் போன்றதுதான்: ஒன்றைக் கொடு, அதே மாதிரி ஒன்றை வாங்கிக்கொள். விமானக் குழு அதே வகை வென்டிலேட்டர் ஒன்றை இறக்கிக் கொடுத்துவிட்டு, நோயாளியோடு இருப்பதை ஏற்றிக்கொள்ளும். பம்புக்கு பம்ப், ஸ்ட்ரெச்சருக்கு ஸ்ட்ரெச்சர். நோயாளியோடு நகரும் இந்தப் பொருட்களுக்கு பி.எம்.ஐ. (பேஷன்ட் மூவ்மென்ட் ஐட்டம்ஸ்) என்று தனிப் பெயர், தனிக் கிடங்கு, பார்கோடு போட்டுத் தேடும் தனிக் கணினி முறை எல்லாம் உண்டு. ராம்ஸ்டைன் மாதிரி முக்கியத் தளங்களில் இருக்கும் மையங்களில், வந்து சேர்ந்த கருவியைத் துடைத்து, பேட்டரியைச் சோதித்து, அளவு சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, அடுத்த பராமரிப்புத் தேதியை ஒட்டி, போர்முனைப் பக்கம் போகும் சரக்கு விமானத்தில் ஏற்றுவார்கள்.

இந்த முறை நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே மாடல் இருக்க வேண்டும். இது வாங்குகிறவர்களின் பிடிவாதம் என்று சிலர் நினைப்பார்கள். எங்கள் துறைக்காரர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பம்ப் மாறினால் அதற்கென்றே உள்ள டியூப் செட் மாறும், சார்ஜர் மாறும், பேட்டரி மாறும், நர்ஸுக்குப் பயிற்சியும் மாறும். நான்கு கம்பெனி பம்ப் வைத்திருக்கும் மருத்துவமனையில் நான்கு வகை டியூப்பும் ஸ்டாக்கில் இருக்கும், வேண்டிய வகை மட்டும் அன்றைக்கு இருக்காது. உங்கள் ஸ்டோர்ஸிலும் ஒருமுறை பாருங்கள்.

அது மட்டுமில்லை, விமானத்தில் எந்த மானிட்டரை வேண்டுமானாலும் ஏற்ற முடியாது. அதிர்வைத் தாங்குமா, அதன் மின்காந்த அலை விமானத்தின் கருவிகளைக் குழப்புமா, திடீரென்று காற்றழுத்தம் இறங்கினால் வேலை செய்யுமா என்று சோதித்துத் தேறியவைதான் ஏறும். ஆகவே ஸ்டாக் தீர்ந்துபோனால் பக்கத்துக் கடையில் வாங்கிச் சமாளிக்கிற வழியே கிடையாது.

சரி, எத்தனை வைத்திருக்க வேண்டும்? இதற்குக் கணக்கு எளிது, ஆனால் பலர் தப்பாகப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு தளத்திலிருந்து நாளைக்குச் சராசரி 3 பேர் வென்டிலேட்டரோடு கிளம்புகிறார்கள் என்று வையுங்கள். கருவி போய், நோயாளி அங்குள்ள ஐசியூ கருவிக்கு மாறி, இது கழுவிச் சோதிக்கப்பட்டு, திரும்பும் விமானத்தில் இடம் கிடைத்து, பழைய தளத்துக்கு வர 20 நாள் ஆகிறது என்றால், 3 × 20, அதாவது 60 வென்டிலேட்டர் எப்போதும் சுற்றில் இருக்கும். தளத்தில் கையிருப்பாக இருப்பவை அதற்கு மேலே. அதே சுற்றை 8 நாளில் முடித்தால் 24 போதும். மீதி 36 வென்டிலேட்டரை வாங்கவே வேண்டாம். புதிதாக வாங்கக் கேட்டு எழுதுவதற்கு முன்னால், ஏற்கெனவே இருப்பவை எங்கே எத்தனை நாள் சும்மா கிடக்கின்றன என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். பெரும்பாலும் கருவி விமானத்தில் தாமதிப்பதில்லை. ஏதோ ஒரு வார்டின் மூலையில், யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது. எங்கள் வென்டிலேட்டரும் அப்படித்தான் நின்றிருந்தது.

இன்னொன்று, சராசரி ஏமாற்றும். இரண்டு வாரம் அமைதியாக இருந்துவிட்டு ஒரே குண்டுவெடிப்பில் 15 பேர் வருவார்கள். சுற்றுக் கணக்கு அன்றாடத்துக்கு. அந்த ஒரு நாளுக்கான இருப்பைத் தனியே, கை வைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து விமானம். பலர் நினைப்பதுபோல இதற்கென்று தனி விமானம் நிற்பதில்லை. அமெரிக்கர்களிடம் சி-9ஏ நைட்டிங்கேல் என்ற பறக்கும் ஆம்புலன்ஸ் 1968 முதல் இருந்தது. 2000களில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது வெடிமருந்தோ சாப்பாடோ கொண்டுபோன சி-17, சி-130, அல்லது எரிபொருள் ஏற்றும் கேசி-135, எது கிடைக்கிறதோ அது, சரக்கை இறக்கிய பிறகு ஒரு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியாக மாறும். பழைய வழக்கம்தான் இது. 1944இல் பர்மாவில் இந்தவ்கீ ஏரியில், ஜப்பானியப் படைகளின் பின்புறம் புகுந்து சண்டையிட்ட பிரிட்டிஷ் தரப்பின் சிண்டிட் படையின் நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் ஏற்றிப் பிரம்மபுத்திராவுக்குக் கொண்டுவந்தவை, கடல் ரோந்துக்காக இலங்கையின் கொக்கலையில் இருந்த 230ஆம் ஸ்குவாட்ரனின் சண்டர்லேண்ட் கடல் விமானங்கள். அன்றைக்குக் கிடைத்தது அதுதான். அதில் 500க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்து வெளியே வந்தார்கள்.

ஸ்டோர்ஸுக்கு இதனால் வரும் சிக்கல் என்னவென்றால், விமானம் மாறினால் சாமான் பட்டியலே மாறிவிடும். சி-17இல் 36 ஸ்ட்ரெச்சர் வைக்கலாம். ஆக்சிஜன் குழாய் இணைப்பும் கருவிகளுக்கான மின்சாரமும் விமானத்திலேயே இருக்கும். சி-130 வந்தால் ஆக்சிஜனை நாமே கொண்டுபோக வேண்டும். விமான மின்சாரம் 400 ஹெர்ட்ஸில் ஓடுவது; மருத்துவக் கருவிக்கு வேண்டியது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். நடுவில் மாற்றிக் கொடுக்கும் கன்வெர்ட்டரும் நீளக் கேபிள்களும் பட்டியலில் ஏறும். காலையில் சி-17 என்று சொல்லிவிட்டு மாலையில் சி-130 வந்து இறங்குவது சகஜம். அதனால் இரண்டுக்குமான கட்டுகளைத் தனித்தனியே கட்டித் தயாராக வைத்திருப்பார்கள்.

ஆக்சிஜனைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆக்சிஜன் தேவைப்படும் ஒருவர், 8 மணி நேரப் பயணம். 8 × 60 × 8, அதாவது 3,840 லிட்டர். ஏறும் முன் ரன்வேயில் காத்திருப்பது, வானிலை சரியில்லாமல் வேறு ஊரில் இறங்குவது எல்லாம் சேர்த்து ஒன்றரை மடங்காக வைத்தால் 5,760. கொரோனா நேரத்தில் நாம் எல்லோரும் தெரிந்துகொண்ட பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஒருவருக்கு 4 சிலிண்டர். மூன்று பேருக்கு 12. அந்த எஃகுச் சுமையை விமானத்தில் கட்டி வைப்பது ஒரு வேலை, நடுவானில் ஒவ்வொன்றாக மாற்றுவது இன்னொரு வேலை. திரவ ஆக்சிஜன் என்றால் 1 லிட்டர் ஏறக்குறைய 860 லிட்டர் வாயுவாக விரியும். மூன்று பேருக்கும் சேர்த்து 20 லிட்டர் திரவம் போதும். அதன் எடை 23 கிலோதான், குடுவையின் எடை தனி. அதனால் திரவத்தைத்தான் விரும்புவார்கள். ஆனால் அது சும்மா வைத்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நேற்று நிரப்பியதை இன்றைக்கும் முழுதாக இருக்கிறது என்று எழுத முடியாது. விமானம் 6 மணி நேரம் தாமதம் என்று தகவல் வந்தால், ஸ்டோர்ஸ்காரர் முதலில் ஓட வேண்டியது ஆக்சிஜன் குடுவையின் அளவைப் பார்க்கத்தான்.

2021 ஏப்ரலில் நம் விமானப்படை செய்ததை இங்கே சொல்ல வேண்டும். நாடே மூச்சுக்குத் திணறியபோது சி-17, ஐஎல்-76 விமானங்கள் பெரிய பெரிய ஆக்சிஜன் டேங்கர்களைச் சுமந்தன. அவை காலி டேங்கர்கள். நிரம்பிய டேங்கரை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. அதனால் காலியை ஆலைக்குப் பறக்கவிட்டு, நிரம்பியதை ரயிலிலும் சாலையிலும் கொண்டுவந்தார்கள். மே மாதம் துர்காபூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு வந்த ஆக்சிஜன் ரயில் நினைவிருக்கும். உருக்காலைகளில் ஆக்சிஜன் இருந்தது. காலிப் பாத்திரம் அங்கே போய்ச் சேரும் வேகம்தான் எத்தனை பேருக்கு மூச்சு கிடைக்கும் என்பதைத் தீர்மானித்தது. காலி டேங்கரை விமானத்தில் ஏற்றலாம் என்று யோசித்த அந்த அதிகாரிகளை நான் இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

உயரத்தில் காற்று விரியும் என்பதும் சாமான் பட்டியலில் தெரியும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் பெரும்பாலும் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கும். தரையில் 100 மில்லி இருந்த காற்று அங்கே 135 மில்லி ஆகும். மூச்சுக்குழாயைப் பிடித்து நிறுத்தும் சின்ன பலூன் விரிந்து தொண்டையை அழுத்தும். அதை அளக்கும் கருவி பையில் இருக்க வேண்டும். குளுக்கோஸ் கண்ணாடி பாட்டிலில் வந்தால் தொல்லை, பிளாஸ்டிக் பைதான். முதுகெலும்பு உடைந்தவரைப் படுக்கவைக்கும் வெற்றிடப் படுக்கை உயரம் ஏற ஏறத் தளர்ந்துவிடும், மறுபடி காற்றை உறிஞ்சி இறுக்க வேண்டும். அந்தக் கைப் பம்பை கீழே மறந்துவிட்டு ஏறினால், பல லட்ச ரூபாய் கருவிகள் சுற்றிலும் இருந்தும் பயனில்லை. அப்புறம் காதடைப்பான்: சரக்கு விமானத்தின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பயன்படாது, அலாரம் காதில் விழாது, மயக்கத்தில் இருப்பவருக்கும் காது காதுதான். மிக மலிவான பொருள், எண்ணிக்கையில் மிக வேகமாகத் தீரும் பொருள்.

மருந்து விஷயத்தில் ஒரு நல்ல விதி வைத்திருக்கிறார்கள். நோயாளி வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, அவருக்கே உரிய டிரெஸ்ஸிங் சாமான் இதெல்லாம் அனுப்புகிற மருத்துவமனை 3 முதல் 5 நாளுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். விமானக் குழுவின் பை அவசரத்துக்கு மட்டும். இந்த எல்லைக்கோட்டை அழித்தால் விமானப் பை ஒரே வாரத்தில் பொது மருந்துக் கடையாகிவிடும்.

குளிர் வேண்டிய மருந்துகள்தான் தலைவலி. தசையைத் தளர்த்தும் ரோகுரோனியம் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டியது. வெளியே எடுத்தால் 60 நாள். அதே வேலைக்கான சக்சினைல்கோலின் 14 நாள். ரத்தப் பரிசோதனைக்கான கையடக்கக் கருவியின் கார்ட்ரிட்ஜும் ஃபிரிட்ஜில்தான். வெளியே எடுத்தால் சில வகை 2 வாரம், சில வகை 2 மாதம், ஒருமுறை எடுத்ததை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. ஆக, பையிலிருக்கும் ஒரு குப்பிக்கு இரண்டு எக்ஸ்பயரி: கம்பெனி அச்சடித்தது ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தேதியிலிருந்து எண்ணுவது இன்னொன்று. இரண்டாவதைக் கையால் எழுதி ஒட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதுதான் உண்மையான தேதி. பாலைவனத்து ரன்வேயில் வெயிலில் நின்ற பைக்கு அந்தத் தேதியும் செல்லாது.

ரத்தம் இன்னும் கண்டிப்பு கேட்கும். சிவப்பணுக்களை 1 முதல் 6 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பிரிட்டிஷ் மருத்துவக் குழு 2008 முதல் சினூக் ஹெலிகாப்டரிலேயே ரத்தமும் பிளாஸ்மாவும் கொண்டுபோனது. இதற்கான பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டாம். சுவர்ப் பலகைகளை உறைய வைத்து உள்ளே செருகினால் நாள்கணக்கில் குளிர்ச்சி நிற்கும். ஒரு நுணுக்கம்: பலகையை ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் ரத்தத்தை உள்ளே வைக்கக் கூடாது. பலகை மேலே நீர் துளிர்த்து வியர்க்கும் வரை வெளியே வைத்த பிறகுதான். அவசரப்பட்டால் ரத்தம் உறைந்து அணுக்கள் உடைந்துவிடும், பை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிரெஞ்சு ராணுவம் உலர்த்திப் பொடியாக்கிய பிளாஸ்மாவைப் பயன்படுத்துகிறது. சாதாரண அறையில் 2 வருஷம் இருக்கும், தண்ணீர் கலந்தால் சில நிமிடத்தில் தயார். ஃபிரிட்ஜே வேண்டாம் என்பது ஒரு ஸ்டோர்ஸ்காரருக்கு எவ்வளவு பெரிய வரம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மார்ஃபின், ஃபென்டனில், கீட்டமின் போன்றவற்றுக்கு வழக்கம்போலப் பூட்டு, இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்து, உடைந்த ஆம்பூலுக்கும் கணக்கு. இதில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பைகளுக்கு எண் போட்ட பிளாஸ்டிக் சீல். சீல் முழுதாக இருந்து, அதன் எண் பதிவேட்டோடு ஒத்துப்போனால் உள்ளே திறந்து எண்ண வேண்டாம். உடைந்திருந்தால் ஓர் ஊசி எடுத்திருந்தாலும் பை முழுவதையும் எண்ண வேண்டும். நேரம் இதனால் எவ்வளவு மிஞ்சும் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் உங்கள் இடத்தில் எங்கே தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆம்புலன்ஸில் போகும் ஒவ்வொரு கருவியிலும் மருத்துவமனையின் பெயர், ஃபோன் எண், அதோடு சேர்ந்த உதிரிகள் எத்தனை (சார்ஜர் 1, கேபிள் 2, பெல்ட் 3) என்று எழுதிய அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கூடப் போகும் நர்ஸ் ஒப்படைக்கும்போது, அங்கே வாங்கிக்கொள்பவரின் பெயரையும் நேரத்தையும் அதன் கிழிதாளில் எழுதி வாங்கி வரட்டும். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பெயரைக் கேட்டு ஃபோன் செய்யுங்கள். கருவி எந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கிறது என்று மூன்றாம் நாள் கேட்டால்கூட, அங்கே டியூட்டி மாறியிருக்கும்.